பேலம் குகை: பார்க்கப் போகுமுன் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது

விடுமுறை வந்துவிட்டால் எங்கே போவது என்ற பேச்சு நம் வீடுகளில் தொடங்கிவிடும். ஊட்டி, கொடைக்கானல், மூணாறு என்று போன இடத்துக்கே மறுபடியும் போய் வருகிறோம். சென்ற குளிர்கால விடுமுறையில் எங்கள் மதரஸா மாணவர்களும் அவர்களின் பெற்றோர் சிலருமாக ஒரு பேருந்து பிடித்து, ஆந்திராவில் உள்ள பேலம் குகைக்குப் போய் வந்தோம். அதைக் கேள்விப்பட்ட பலர் வழி என்ன, குடும்பத்தோடு போகலாமா, பார்க்க என்ன இருக்கிறது என்று விசாரித்தனர். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். கூடவே, அந்தப் பயணத்தில் எங்களால் நேர்ந்த ஒரு தவறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உண்மையில் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான்.

தரைக்கு அடியில்

நந்தியால் மாவட்டம் கொலிமிகுண்ட்லா வட்டாரத்தில் பேலம் என்ற சிற்றூருக்கு அருகே இருக்கிறது இந்தக் குகை. முன்பு இப்பகுதி கர்நூல் மாவட்டத்தில் இருந்தது. 'பிலம்' என்றால் பொந்து, குகை. அச்சொல்லே ஊருக்குப் பெயராகிவிட்டது.

குகை என்றதும் மலையேற வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்த பிள்ளைகளுக்கு முதலில் ஏமாற்றம்தான். சுற்றிலும் சமவெளி. நடுவே கிணறு போன்ற பள்ளங்கள். அவற்றில் ஒன்றில் படிக்கட்டு இறங்குகிறது. இறங்க இறங்க வெயில் மறைந்து, ஒரு தெருவே பூமிக்குள் ஓடுவதைப் பார்க்கிறோம். இதுவரை அளக்கப்பட்ட நீளம் 3,229 மீட்டர். அதில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம் பொதுமக்கள் நடந்து பார்க்கும்படி நடைபாதையும் விளக்கும் அமைத்திருக்கிறார்கள். காற்று புழங்க மேலிருந்து குழாய்கள் இறக்கியிருக்கிறார்கள். மேகாலயத்தில் 30 கிலோமீட்டரைத் தாண்டும் குகை உண்டு. ஆனால் சாதாரணக் குடும்பம் ஒன்று குழந்தைகளோடு இவ்வளவு தூரம் உள்ளே நடந்து பார்க்கக் கூடிய குகை நம் நாட்டில் மிகச் சிலவே.

சில இடங்களில் பள்ளிவாசல் முற்றம் அளவுக்கு விரிந்த கூடங்கள். சில இடங்களில் குனிந்து போக வேண்டிய சந்துகள். ஓரிடத்தில் கூரையிலிருந்து இறங்கும் கற்கள் ஆலமர விழுதுகளைப் போல இருக்கின்றன. இன்னோர் இடத்தில் படமெடுத்த பாம்புகள் கூட்டமாகக் கவிந்தது போல. மிக ஆழமான இடம் பாதாள கங்கை. தரைமட்டத்திலிருந்து 46 மீட்டர் கீழே, அதாவது பதினைந்து மாடிக் கட்டடத்தைத் தலைகீழாக இறக்கி வைத்த ஆழத்தில், ஆண்டு முழுவதும் ஓடும் சிறிய நீரோட்டம் ஒன்று இருக்கிறது. கண்ணெதிரே ஓடி, பாறைக்குள் புகுந்து மறைந்துவிடுகிறது. அது பேலம் ஊர்க் கிணற்றுக்குப் போவதாக அங்குள்ளவர்கள் நம்புகிறார்கள்.

"ஹஜ்ரத், இது கஹ்ஃபா, ஃகாரா?" என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. அரபு அகராதி ஆசிரியர்கள் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறார்கள். சிறிய, குறுகிய குகை ஃகார். விசாலமான குகை கஹ்ஃப். நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் ஹிஜ்ரத்தின்போது தங்கிய ஸவ்ர் குகையைத் திருக்குர்ஆன் ஃகார் என்கிறது. அந்த இளைஞர்கள் உறங்கிய குகைக்குத்தான் கஹ்ஃப் என்ற பெயர். அங்கே விசாலமான ஓர் இடம் இருந்ததையும் அதே அத்தியாயத்தின் 17-ஆவது வசனம் சுட்டுகிறது. அந்தக் கணக்கில் பேலம் கஹ்ஃப்தான்.

தண்ணீர் செய்த வேலை

இதை யார் குடைந்தார்கள் என்பது பிள்ளைகளின் அடுத்த கேள்வி. உளியும் இல்லை, ஆளும் இல்லை. குடைந்தது தண்ணீர்.

ஹிரா குகையைப் பார்த்து வந்த ஹாஜிகளுக்குத் தெரியும். அது பெரும் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்பதால் உண்டான இடைவெளி. பேலம் அப்படியல்ல. இது சுண்ணாம்புக் கல் குகை. 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, ஆழமில்லாத கடலின் அடியில் படிந்த சுண்ணாம்பே இறுகிப் பாறையானது என்கிறார்கள் புவியியலாளர்கள். பேலத்தில் அந்தக் கல் கறுப்பு நிறமாக இருக்கிறது.

சுண்ணாம்புக் கல்லுக்கு ஒரு குணம் உண்டு. புளிப்புப் பட்டால் கரையும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் நுரைப்பதைக் காணலாம். மழைநீர் பார்வைக்குச் சுத்தமாக இருந்தாலும் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரியமில வாயுவை ஏற்றுக்கொண்டுதான் கீழே இறங்குகிறது. கோலி சோடாவில் இருப்பதும் அதே வாயுதான். அதனால் அந்த நீருக்கு மிக லேசான புளிப்பு வந்துவிடுகிறது. அது பாறையின் விரிசல்களில் புகுந்து, மயிரிழை மயிரிழையாகக் கல்லைக் கரைக்கிறது. விரிசல் சந்தாகிறது, சந்து கூடமாகிறது. பிறகு நிலத்தடி நீர்மட்டம் இறங்கும்போது தண்ணீர் வெளியேறி, அது இருந்த இடம் வெறுமையாகிக் குகையாக நிற்கிறது. பேலத்தில் சுவரைப் பார்த்தாலே இது புரியும். தண்ணீர் வழித்துக்கொண்டு போன தடம் பாறையில் அலை அலையாக இருக்கிறது.

இது முதல் பாதி. இரண்டாம் பாதி இதற்கு நேர்மாறானது. கரைத்த நீரே கட்டவும் செய்கிறது. மேலிருந்து சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கசியும் நீர், குகையின் கூரைக்கு வந்து ஒரு சொட்டாகத் தொங்குகிறது. திறந்த வெளிக்கு வந்ததும் அதிலுள்ள வாயு பிரிந்து போய்விடுகிறது. வாயு போனதும் சுண்ணாம்பைத் தாங்கும் சக்தி நீருக்கு இல்லை. கண்ணுக்குத் தெரியாத அளவு சுண்ணாம்பைக் கூரையில் விட்டுவிட்டுச் சொட்டு கீழே விழுகிறது. விழுந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் விடுகிறது. இப்படியே மேலிருந்து கல்விழுது இறங்குகிறது, கீழிருந்து கல்முளை எழுகிறது. இரண்டும் சந்தித்தால் தூணாகிவிடும்.

இதைப் பார்க்க ஆந்திரா வரை போக வேண்டியதில்லை. உப்புத் தண்ணீர் ஊர்களில் பள்ளிவாசல் ஒளுக் குழாயின் வாயைப் பாருங்கள். வெள்ளையாக ஒரு படிவு கட்டியிருக்கும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியிலும் இருக்கும். அதில் பெரும்பகுதி இதே சுண்ணாம்புதான்.

ஒரேயொரு வித்தியாசம், வேகம். கல்விழுது வளர்வது இடத்துக்கு இடம் வேறுபடும். ஆனாலும் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதாவது ஒரு சென்டிமீட்டர் வளர 100 ஆண்டுகள். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

குப்பைக் குழியாக இருந்த காலம்

பேலத்தைப் பற்றி நவீன காலத்தில் முதலில் எழுதியவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். ஆண்டு 1884. சென்னை வாசகர்களுக்கு இவர் அந்நியர் அல்லர். 1863-இல் பல்லாவரத்தில் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்து, இந்தியாவில் கற்கால மனிதர் வாழ்ந்ததை உலகுக்குக் காட்டிய புவியியலாளர் இவரே. ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் வாழ்ந்தார். அவர் சேகரித்த பொருட்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. கர்நூல் வட்டாரத்துக் குகைகளில் அவரும் அவருடைய மகனும் தோண்டி ஆராய்ந்தபோதுதான் பேலமும் அவருடைய குறிப்பில் இடம்பெற்றது.

அதன்பிறகு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1982, 1983 ஆண்டுகளில் டேனியல் கெபாவர் என்ற ஜெர்மானியரின் தலைமையில் ஒரு குழு வந்து, உள்ளே ஊர்ந்து ஊர்ந்து அளந்தது. இவ்வளவு நீளம் என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. முற்காலத்தில் சமண, பௌத்தத் துறவிகள் இங்கே தங்கியதற்கான எச்சங்களும் கிடைத்திருக்கின்றன. வெளியே நிற்கும் பெரிய புத்தர் சிலை அதை நினைவுபடுத்தவே.

இந்த இடைக்காலத்தில் குகை எப்படி இருந்தது தெரியுமா? சுற்றுவட்டாரக் குப்பையெல்லாம் அந்தப் பள்ளங்களில்தான் கொட்டப்பட்டது. 1988 வரை இதே நிலைதான். ஊர்க்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வெளியே பார்த்தால் அது ஒரு பாழும் பள்ளம். நம் ஊர்களிலும் தூர்ந்த கிணற்றையும் ஓடையையும் நாம் அப்படித்தானே நடத்துகிறோம்!

ஆனால் சுண்ணாம்புக் கல் பூமியில் இது சாதாரணத் தவறு அல்ல. மணற்பாங்கான மண் என்றால் தண்ணீர் மெதுவாக வடிந்து ஓரளவு சுத்தமாகும். இங்கே விரிசல்களே வாய்க்கால்கள். மேலே எதைப் போட்டாலும் மழை அதை வடிகட்டாமலே அடியில் கொண்டு சேர்த்துவிடும். இப்படிப்பட்ட நிலத்தில் குழியில் எறிந்தது குடிநீரில் திரும்பி வரும். நீர்த்துறையிலும், மக்கள் நடக்கும் பாதையிலும், நிழல் தரும் இடத்திலும் அசுத்தம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் சாபத்துக்குரிய செயல் என்று எச்சரித்தார்கள். அந்த ஹதீஸை நாம் பலமுறை ஓதிக் கொடுத்திருக்கிறோம். பாதாள கங்கையின் ஓரத்தில் நின்று அதைச் சொன்னபோதுதான், நீர்த்துறை என்பது கண்ணுக்குத் தெரியாத ஆழத்திலும் இருக்கும் என்பது எங்களுக்கே உறைத்தது.

அந்த வட்டாரத்தைச் சேர்ந்தவர்களே முயற்சி எடுத்ததில் குப்பை அகற்றப்பட்டது. 1999-இல் ஆந்திர மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் பொறுப்பேற்றது. 2002 பிப்ரவரியில் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது.

கைக்குட்டையில் இருந்த கல்

இனி எங்கள் தவறு.

திரும்பும் வழியில் கடப்பா தாண்டித் தேநீருக்காகப் பேருந்து நின்றது. மாணவர் ஒருவர், பன்னிரண்டு வயதிருக்கும், கைக்குட்டையைப் பிரித்துப் பக்கத்தில் இருந்தவருக்கு எதையோ காட்டிக்கொண்டிருந்தார். நாம் எட்டிப் பார்த்தோம். விரல் நீளத்தில் ஒரு கல். ஒரு முனை கூர்மை. மறுமுனை புதிதாக முறிந்து, உள்ளே பளபளத்தது.

"கீழே கிடந்தது ஹஜ்ரத்" என்றார் முதலில். நாம் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரத்தில் அவரே, "நான்தான் ஒடிச்சேன்" என்றார். "எதற்கப்பா?" என்று கேட்டோம். அவருடைய உம்மம்மாவால் நடக்க முடியாது. படுக்கையில் இருக்கிறார். "குகை எப்படி இருந்துச்சுன்னு கேப்பாங்க, காட்டலாம்னு எடுத்தேன்" என்றார்.

நமக்கு எப்படிக் கோபம் வரும்? ஆனால் சும்மா விடவும் முடியாது. மற்றப் பிள்ளைகளும் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஒருவருடைய பையிலிருந்து அளவுகோல் வாங்கி அளந்தோம். ஏழு சென்டிமீட்டர். குகையில் நாம் சொன்ன கணக்கை அவர்களையே போடச் சொன்னோம். சென்டிமீட்டருக்கு 100 ஆண்டு என்றால் ஏழுக்கு 700 ஆண்டு.

700 ஆண்டுகளுக்கு முன் யார் இருந்தார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டது. இப்னு பதூதா தம் ஊரான தன்ஜாவை விட்டு ஹஜ்ஜுக்காகப் புறப்பட்டது 1325-இல். அப்புறம்தான் அவர் பாதி உலகத்தைச் சுற்றி, மஅபர் என்று அரபிகள் அழைத்த நம் தமிழகக் கடற்கரைக்கும் மதுரைக்கும் வந்து போனார். அவர் வீட்டை விட்டுக் கிளம்பிய காலத்தில் அந்தக் கூரையில் முதல் சொட்டு தொங்கியிருக்கலாம் என்றோம். பிள்ளைகளிடம் பேச்சில்லை. ஒடித்தவரின் கண் கலங்கிவிட்டது. "திரும்பக் கொண்டுபோய் ஒட்ட முடியாதா ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

முடியாது. திருடிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும். உடைத்த பானைக்கு வேறு பானை வாங்கிக் கொடுக்கலாம். இதற்கு ஈடு எதையும் கொடுக்க வழியில்லை. ஊர் திரும்பியதும் அவரையே ஒரு கடிதம் எழுதச் சொல்லி, கல்லோடு சேர்த்துக் குகையைப் பராமரிப்பவர்களுக்குத் தபாலில் அனுப்பினோம். அனுப்புமுன் அந்தக் கல்லை உம்மம்மாவிடம் காட்டிவிட்டு வந்தார். "இதுக்குப் போட்டோ போதாதா வாப்பா?" என்று அவர் கேட்டாராம்.

பிழை அந்தப் பிள்ளையுடையது மட்டுமல்ல. புறப்படுமுன் நாம் ஒரு மணி நேரம் பேசினோம். பயணத் தொழுகை, பேருந்தில் ஒழுங்கு, பெரியவர்களுக்கு இடம் விடுவது, உணவு என எல்லாம் சொன்னோம். குகையில் எதையும் தொடாதீர்கள், ஒடிக்காதீர்கள் என்று மட்டும் சொல்லவில்லை. கல்விழுது வளரும் கணக்கைக்கூட உள்ளே போன பிறகு, போகிற போக்கில்தான் சொன்னோம். ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது. 700 ஆண்டு மிஞ்சியிருக்கும்.

தொட்டாலும் கெடும்

ஒடித்தால்தான் சேதம் என்று நினைக்க வேண்டாம். நம் தோலில் உள்ள எண்ணெய்ப் பசை ஈரமான கல்லில் ஒட்டிக்கொண்டால் புதிய சுண்ணாம்பு அங்கே சரியாகப் படியாது. ஆயிரம் பேர் தொட்ட கல்லின் நிறமே மங்கிவிடும். தட்டினால் இசை எழும்பும் கற்கள் உள்ள அறை ஒன்று பேலத்தில் உண்டு. அதைக் கண்டதும் எல்லாக் கல்லையும் தட்டிப் பார்க்கப் பிள்ளைகளின் கை துறுதுறுக்கும். தடுக்க வேண்டும்.

மூச்சுக் காற்றுக்குக்கூட விளைவு உண்டு. பிரான்சில் லாஸ்கோ என்ற சுண்ணாம்புக் கல் குகை 1940-இல் கண்டுபிடிக்கப்பட்டது. சுவர் முழுதும் பழங்கால மனிதர்கள் தீட்டிய விலங்கு ஓவியங்கள். 1948-இல் மக்களுக்குத் திறந்தார்கள். வந்து குவிந்தவர்களின் மூச்சும் வெப்பமும் விளக்கொளியும் சேர்ந்து, சுவரில் பாசியும் படிவும் உண்டாகி, 1963-இல் மூடிவிட்டார்கள். இன்று மக்கள் பார்ப்பது அருகே கட்டிய நகலைத்தான்.

சுவரில் பெயர் கிறுக்குவது பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பொது இடங்களில் நம் பிள்ளைகளின் பெயர்களையும் நாம் கண்டிருக்கிறோம் என்பதை வெட்கத்தோடு சொல்லத்தான் வேண்டும். நமக்குச் சொந்தமல்லாத ஒன்று சிறிது நேரம் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அமானிதம் என்பது இதுதானே?

போகிறவர்களுக்கு

சென்னை – மும்பை ரயில் பாதையில் ரேணிகுண்டா, கடப்பா தாண்டி வரும் தாடிபத்ரியில் இறங்கினால் குகை சுமார் 30 கிலோமீட்டர். சாலை வழியாக வருகிறவர்கள் கடப்பா, ஜம்மலமடுகு வழியே வரலாம். கோடையில் வேண்டாம். ராயலசீமை வெயிலும் குகையின் புழுக்கமும் சேர்ந்தால் தாங்காது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம்.

உள்ளே ஈரப்பதம் அதிகம். கால் மணி நேரத்தில் சட்டை நனைந்துவிடும். ஆஸ்துமா, இதய நோய், முழங்கால் வலி உள்ள பெரியவர்களும் கர்ப்பிணிகளும் முதல் பெரிய கூடம் வரை பார்த்துவிட்டுத் திரும்புவது நல்லது. பாதாள கங்கைக்கு இறங்கும் படிகள் செங்குத்தானவை, ஈரமானவை. வழுக்காத செருப்பு தேவை. புர்கா அணிந்த சகோதரிகள் படியில் கால் தடுக்காதபடி சற்று உயர்த்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். கைக்குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு தாழ்வான சந்துகளில் நுழையாதீர்கள், குழந்தையின் தலை இடிக்கும். வழிகாட்டியின் துணையில்லாமல் விளக்கில்லாத கிளைவழிகளில் யாரையும் விடாதீர்கள்.

உள்ளே போய் வர ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். ளுஹர் நேரத்தை அதற்கேற்பத் திட்டமிட்டுக்கொள்ளுங்கள். பயணிகளுக்குரிய சலுகைகளைத் தத்தமது மத்ஹபின்படி ஊர் ஆலிமிடம் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. தாடிபத்ரியில் பள்ளிவாசல்களும் ஹலால் உணவும் கிடைக்கும். நேரமிருந்தால் பெண்ணையாற்றின் பள்ளத்தாக்கு ஓரம் நிற்கும் கண்டிகோட்டா கோட்டையையும், அதனுள் இருக்கும் பழைய ஜாமிஆ பள்ளியையும் பார்த்து வரலாம். குகையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர்.

எல்லாவற்றுக்கும் முன்னால், கிளம்பும் நாள் காலையில் பிள்ளைகளை உட்கார வைத்து ஐந்து நிமிடம் பேசுங்கள். வீட்டுக் குழாயில் படிந்த வெள்ளையைக் காட்டி, ஒரு சென்டிமீட்டர் வளர 100 ஆண்டு என்ற கணக்கைச் சொல்லுங்கள். கையைப் பையில் வைத்துக்கொண்டு கண்ணால் பார்த்து வரச் சொல்லுங்கள். வீட்டில் நடக்க முடியாத பெரியவர் இருந்தால், அவருக்காகப் படம் எடுத்து வரச் சொல்லுங்கள்.

எங்கள் மாணவர் இப்போது அதைத்தான் செய்கிறார். அடுத்த பயணத்துக்கு முன்னால் மற்ற மாணவர்களுக்கு அந்த ஐந்து நிமிடப் பேச்சைத் தாமே பேசுவதாகக் கேட்டு வாங்கியிருக்கிறார். அல்லாஹ் அவருடைய கல்வியில் பரக்கத் செய்வானாக. அவன் படைப்பைக் கண்டு சிந்திக்கிறவர்களாகவும், கண்டதை அடுத்தவருக்கு அப்படியே விட்டுவருகிறவர்களாகவும் நம்மையும் நம் சந்ததிகளையும் ஆக்குவானாக. ஆமீன்.